டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்

நோயைத் தீர்ப்பவனே வைத்தியன் என்பது உலகோர் கொள்கை. தீராத நோயின்முன் வைத்தியனுக்கு யாது வேலை என்று கேட்பாரும் உளர். இக்கேள்விக்குச் சொல்லாலன்றித் தம் வாழ்க்கையாலேயே விடை பகர்ந்த பெருமாட்டி ஒருவர் நம் வேலூரில் வாழ்ந்து மறைந்தார். அவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார். அவரது சரித்திரத்தை நம் கல்லூரி நண்பர்கள் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

இதனை எழுதுமாறு நம்மைத் தூண்டியது புத்தகமன்று. நமது ஊராகிய கலவையில், நம் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி வாழும் ஒரு சிறுவனே. ஏழு வயதுவரை அவன் மற்றைப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடித் திரிந்தான். பின்னர்ப் பள்ளியில் எழுத்துகளை மறக்கலானான். நடக்கும்போது காரணமின்றி விழுந்தான். இரண்டாண்டுகளுக்குள் பேச்சும் நடையும் ஒழிந்தன. சென்ற கோடை விடுமுறையில் நாம் அவனைக் காணச் சென்றபோது, கால்கள் இரண்டும் கத்தரிக்கோல்போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. முழங்கைகள் மடங்கி மார்போடு ஒட்டியிருந்தன. கைவிரல்கள் உள்ளங்கையில் நகம் பதியுமாறு மூடியிருந்தன. அவனைக் கழுவித் துடைப்பதற்குத் தொடைகளை விலக்கவும் தாயால் இயலவில்லை. இரவில் தசைகள் சுண்டியிழுக்கும்போது அவன் அலறுவதும், அவ்வலறலைக் கேட்டுத் தெருவார் கதவைச் சாத்திக்கொள்வதும் வழக்கமாயிருந்தன. முதலில் அவர்கள் சென்ற இடமொன்றில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்குக் கொண்டு போங்கள் என்று கூறிவிட்டனராம். அதன் பின்னர்த்தான் அத்தாய் பிள்ளையைத் தோளிற் சுமந்து, ஆற்காடு வழியாகப் பஸ் ஏறி வேலூர் சென்றாள். அங்கே நோயைத் தீர்க்க இயலாது என்பதை மறைக்கவில்லை. ஆனால் இறுக்கத்தைத் தணிக்க இயலும் என்றனர். முன்னது வாயிலை அடைத்த சொல். பின்னது வாயிலைத் திறந்த சொல். அவ்வாயிலுக்கு அடிகோலியவர் யாவர் என்று வினவியபோதுதான் அம்மையாரின் பெயர் நம் செவிப்பட்டது.

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டில் கொச்சி நாட்டில் செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். உடன்பிறந்தார் பலருள் ஒருவராய், குறைவென்பது அறியாது வளர்ந்தார். வைத்தியம் பயில விரும்பி 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார்.

அக்கல்லூரியின் வரலாறும் ஈண்டுச் சிறிது கூறற்பாலது. அமெரிக்க மாதாகிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒரே கட்டிலுடன் தொடங்கிய வைத்திய சாலையே அதன் வித்து. 1902-இல் அது பெண்களுக்கான ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது. 1918-இல் பெண்களுக்கு வைத்தியம் கற்பிக்கும் பள்ளியாயிற்று. 1942-இல் பட்டம் வழங்கத்தக்க கல்லூரியாக உயர்ந்தது. ஆடவர் 1947-இலிருந்துதான் அங்குச் சேர்க்கப்பட்டனர். ஆகவே மேரி சேர்ந்த காலத்தில் அது மகளிர் கல்லூரியே. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கே மூளை, நரம்பு அறுவை வைத்தியத்திற்கெனத் தனித்துறை ஒன்றைத் தொடங்கினார். நம் நாட்டில் அத்துறைக்கு முன்னோடி அவரே. இத்தகைய சூழலிற் பயின்று பட்டம் பெற்ற மேரி, தாய்மார்க்குப் பிரசவம் பார்க்கும் பெண் நோய் வைத்தியராதலையே தம் வாழ்வின் குறிக்கோளாகக் கொண்டிருந்தார்.

ஆனால் நேர்ந்தது வேறு. 1954-ஆம் ஆண்டில் ஒருநாள் தோழர் தோழியருடன் உல்லாசப் பயணமாகச் சென்ற வண்டி வழியிற் கவிழ்ந்தது. மேரியின் முகம் கிழிந்து தழும்புற்றது. அதனினும் கொடிது, முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் சேதமுற்றமை. இடுப்பின் கீழ் உணர்ச்சியும் அசைவும் அற்றன. மருத்துவராக நோயாளியின் கட்டிலருகே நின்றவர், அதே மருத்துவமனையில் நோயாளியாகக் கட்டிலிற் கிடந்தார். அவருக்கு அப்போது வயது முப்பதும் நிரம்பவில்லை.

இங்கு நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். தம் உடலுக்கு நேர்ந்தது இன்னதென்றும், அறுந்த தண்டுவடம் மீண்டும் பொருந்துவதில்லையென்றும் மற்றை நோயாளிகள் அறியார். ஏதோ ஒருநாள் எழுந்து நடப்போம் என்ற நம்பிக்கையில் நாள் கழிப்பர். மேரியோ வைத்தியம் கற்றவர். அறியாமையென்னும் ஆறுதலும் அவருக்கு இல்லை. மாதக்கணக்கிற் படுக்கையிலே கிடந்து, துயரத்தோடும் தம் சமயப் பற்றோடும் போராடியே, நடவாத கால்களோடு வாழ்வதெங்ஙனம் என்ற கேள்விக்கு அவர் வந்து சேர்ந்தார்.

அந்நிலையில் அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்டு. இவர் ஆங்கிலேயராயினும் 1914-ஆம் ஆண்டில் நம் கொல்லிமலையிற் பாதிரியார் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளைத் தசைநார் மாற்றி அமைத்துச் சீர்செய்யும் அறுவை முறையைக் கண்டவர். பிரசவ அறையில் வைத்தியர் நின்றாக வேண்டும். கையில் அறுவை செய்பவரோ அமர்ந்தே செய்யலாம். இவ்வெளிய உண்மையைப் பிராண்டு கண்டார். கால்கள் போயினும் கைகள் உளவே, அக்கைகளைப் பயன்படுத்துக என்பதே அவர் அறிவுரையின் சாரம். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். உலகம் தொட அஞ்சிய கைகளை, எழுந்து நிற்கலாகாத ஒரு பெண்மணி தம் கைகளில் ஏந்திச் சீர்செய்தார். நோயாளிகளும், இவ்வைத்தியர் நம்மினும் இயலாதவராயிருந்தும் வேலை செய்கின்றாரே என்று ஊக்கமுற்றனர்.

எனினும் கையைச் சீர்செய்வதோடு மனிதனைச் சீர்செய்தல் முடிவதன்று என்பதை அவர் தம் உடலிலேயே உணர்ந்திருந்தார். படுக்கைப் புண் வாராமற் காப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே குளித்து உடுத்துவது, பின்னர் ஒரு தொழிலுக்குத் திரும்புவது ஆகிய இவையெல்லாம் கற்பிக்கப்பட வேண்டிய கலைகள். நம் நாட்டில் அன்று அவற்றை முறையாகக் கற்பிப்பார் அரியர். ஆதலின் மேரி முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிற் பயிற்சி பெற்றார். பின்னர் உதவித்தொகை பெற்று நியூயார்க்கு நகரை அடைந்தார். அங்கே டாக்டர் ஹாவர்டு ரஸ்க் என்பார், இரண்டாம் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்கு மறுவாழ்வு அளித்த அநுபவத்தைக் கொண்டு, அதனை ஒரு தனி வைத்தியத் துறையாகவே வளர்த்திருந்தார். நோயைத் தடுத்தல், நோயைத் தீர்த்தல் என்னும் இரண்டனோடு, எஞ்சிய ஆற்றலைக் கொண்டு வாழச் செய்தலும் வைத்தியத்தின் மூன்றாம் கடமை என்பது அவர் கொள்கை. அவரிடம் மேரி நோயாளியாக அன்றி மாணவியாக அமர்ந்து, தேர்வுகளிலும் தேறினார்.

தாயகம் திரும்பிய அம்மையார் 1963-ஆம் ஆண்டில் வேலூர் மருத்துவக் கல்லூரியின் உடலியக்க மறுவாழ்வு வைத்தியத் துறைக்குத் தலைமை ஏற்றார். அவ்வாண்டிலேயே அமெரிக்க நூலாசிரியை டாரதி கிளார்க் வில்சன் அவரது வரலாற்றை ஆங்கில நூலாக வெளியிட்டார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கியிருந்து பயிலும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களுள் இந்தியாவில் முதலாவதாக எண்ணப்படுவது அதுவே. 1972-இல் நம் அரசாங்கம் அம்மையார்க்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அம்மையார் குழந்தைகளின் மூளை நோய்க்கென்றே வாழ்ந்தவர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அவர் நம் நாட்டில் ஊன்றிய துறைதான், கலவைச் சிறுவனைப் போன்றார்க்கு இன்று புகலிடம். அவ்வாறாதற்குக் காரணத்தை விளக்குவோம்.

தொழுநோயில் நரம்பு செயலிழந்து தசை தளர்கின்றது. இச்சிறுவனுக்கு நேர்ந்ததோ அதற்கு மறுதலை. தசையை விரைந்து இழுத்தால் அது தானே சுருங்கி எதிர்க்கும்படி தண்டுவடத்தில் இயற்கையான ஓர் ஏற்பாடு உண்டு. முழங்காலின் கீழ் வைத்தியர் சிறு சுத்தியால் தட்டும்போது கால் உதைப்பது அதனாலேயே. மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் இவ்வெதிர்ப்பை ஓயாது அடக்கி வைக்கின்றன. குதிரையின் கடிவாளம் அறுந்தாற்போல, மேலிருந்து வரும் அடக்கம் ஒழிந்தால், கீழுள்ள எதிர்ப்பு மட்டுமீறி எழுகின்றது. இதனையே வைத்தியர் ஸ்பாஸ்டிசிட்டி என்பர். நாம் தசையிறுக்கம் என்போம். விரைந்து இழுத்தால் மிகுதியாய் இறுகுவதும், மெல்ல இழுத்தால் இணங்குவதும் இதன் இயல்பு. பிறப்பின்போது நேரும் இடர்களுக்கும் குழந்தைகளின் இத்தகைய விறைப்புக்கும் தொடர்புண்டு என்று 1861-ஆம் ஆண்டில் இலண்டன் நகரின் மருத்துவச் சங்கமொன்றில் எடுத்துரைத்தவர் வில்லியம் ஜான் லிட்டில். அவரும் இளமையில் நோயுற்றுக் கால் வளைந்தவரே என்பது நினைவு கூரற்பாலது.

லிட்டில் கூறிய நிலையில் மூளைச் சேதம் ஒருமுறை நேர்ந்து நின்றுவிடும். வேறு சில நோய்களிலோ மூளை நாள்தோறும் தேய்ந்துகொண்டே போகும். நரம்பிழைகளைப் போர்த்துள்ள வெண்பொருள் சிதையும் லூக்கோடிஸ்ட்ரோபி என்னும் பரம்பரை நோய்கள் ஒருவகை. இவற்றுட் பல, தாய் தந்தையர் இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேரும்போது தோன்றுவன. ஆதலால் தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம்மிடையே இவற்றிற்கு இடம் மிகுதி. மற்றொன்று, தட்டம்மையால் வருவது. சிறு பருவத்தில் தட்டம்மை கண்டு தேறிய குழந்தைக்குள் அக்கிருமி மூளையில் ஒளிந்திருந்து, பல ஆண்டுகள் கழித்து எழுந்து மூளையைத் தின்னும். எஸ்.எஸ்.பி.இ. எனப்படும் இந்நோயில் முதலிற் படிப்புக் குன்றும். பின்னர் உடல் திடீர் திடீரெனத் துள்ளும். இறுதியில் அவயவங்கள் விறைக்கும். அநேகமாக எல்லோரும் இறந்தே போவர். ஆனால் தட்டம்மைத் தடுப்பூசி இதனை வாராமலே தடுத்துவிடும். நம் நாட்டில் 1985-இல் தொடங்கிய பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அவ்வூசி அடங்கும். அவ்வாறிருந்தும், 2017-இல் தட்டம்மை, ருபெல்லாத் தடுப்பூசி இயக்கம் நடந்தபோது தமிழ்நாட்டிற் பொய்ச் செய்திகள் பரவிப் பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். கற்றோர் வாளாவிருந்தால் கல்லாதார் பேச்சே ஊராளும் என்பதற்கு இது சான்று.

இனி, தேயும் நோயுற்ற குழந்தையின் இறுக்கத்தைத் தணிக்குமாறு யாங்ஙனம்? முதலாவது, இறுக்கம் திடீரென மிகுந்தால் அதற்குத் தூண்டுகோல் யாதென்று தேடல் வேண்டும். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், பல்வலி, உள்வளர்ந்த நகம் முதலியவற்றுள் ஒன்றே இறுக்கத்தைப் பன்மடங்காக்கும். வாய்திறந்து சொல்ல இயலாத குழந்தையின் வலி தசையின் வழியே பேசுகின்றது. இரண்டாவது, நாள்தோறும் மெல்ல இழுத்து நீட்டலும், தலையணை கொண்டு கால்களை விலக்கி வைத்தலும், கணுக்காலுக்கும் கைக்கும் தாங்கிகள் அணிவித்தலும். இவற்றைத் தவறவிட்டால் தசை நிலையாகவே குறுகிப்போம். இடுப்பு மூட்டும் நழுவும். அதன் பின்னர் மருந்தாலும் பயனில்லை. மூன்றாவது, பேக்லோபென் போன்ற வாய்வழி மருந்துகள். அறிவுரையின்றி இவற்றைத் திடீரென நிறுத்துதல் கூடாது. நிறுத்தினால் வலிப்பும் கொடிய விறைப்பும் நேரலாம். நான்காவது, சில தசைகள் மட்டும் மிக இறுகியிருப்பின், தசையிற் பொட்டுலினம் என்னும் மருந்தையோ, நரம்பருகே பீனாலையோ ஊசி மூலம் செலுத்துதல். முன்னதன் பயன் சில மாதங்களே நிற்கும், விலையும் மிகுதி. பின்னது விலை குறைந்தது. ஆயினும் கைதேர்ந்தார் செய்தல் வேண்டும்.

ஐந்தாவதாக ஒரு முறையும் உண்டு. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ரிச்சர்டு பென், ஜெஃப்ரி குரோயின் என்னும் இருவர், பேக்லோபெனைத் தண்டுவட நீரிலேயே நேராகச் சொரியும் முறையை வெளியிட்டனர். வயிற்றுத் தோலின்கீழ் ஒரு சிறு பம்பை வைத்து, நுண்குழாய் வழியே மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். வாய்வழி வேண்டும் அளவில் நூற்றிலொரு பங்கும் தேவைப்படாது. ஆதலின் மயக்கமும் குறையும். எனினும் அதன் பெருவிலையும், உரிய காலத்தில் மருந்தை நிரப்பித் தீர வேண்டிய கட்டாயமும், நம் சிற்றூர் மக்களுக்கு அதனை எட்டாக் கனியாகவே வைத்துள்ளன.

இத்தனையும் கூறியபின் ஒன்று கூறாவிடின் குறையாம். இறுக்கம் முழுவதையும் போக்குதல் எப்போதும் நன்றன்று. தளர்ந்த உடல் கொண்ட குழந்தைக்குச் சிறிது விறைப்பே கழுத்தையும் முதுகையும் தாங்கும் தூணாக இருத்தலும் உண்டு. ஆகவே எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்குமுன், எதற்காகக் குறைக்க வேண்டும் என்று கேட்டல் வேண்டும். நடப்பதற்கா? வலியின்றி உறங்குவதற்கா? தாய் கழுவித் துடைப்பதற்கா? நாற்காலியில் அமர்ந்து வாசலைப் பார்ப்பதற்கா? இக்கேள்விக்கு விடை கூறத்தக்கவர் வைத்தியர் மட்டும் அல்லர்; குழந்தையோடு இரவும் பகலும் வாழ்பவரே. நோயாளி இனி எப்படி வாழ்வான் என்பதையே முதற் கேள்வியாகக் கொண்டது அம்மையார் ஊன்றிய துறை. போனதை எண்ணாது இருப்பதை எண்ணுதல் அவர் தம் உடலையே ஏடாகக் கொண்டு கற்ற பாடம்.

அம்மையார் 1986-ஆம் ஆண்டிற் காலமானார். அவர் பெயரால் நிறுவப்பட்ட அறக்கட்டளை வேலூரில் ஊனமுற்றோர்க்குத் தொண்டு செய்வதாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர் ஒருநாளும் எழுந்து நடக்கவில்லை. அற்புதம் நிகழவில்லை என்று சொல்வார் சொல்லட்டும். அவரால் நாற்காலியில் எழுந்து அமர்ந்தோர் வேறு கருதுவர்.

கலவைச் சிறுவனை நாம் மீண்டும் தசரா விடுமுறையிற் கண்டோம். அவன் நடக்கவில்லை, பேசவும் இல்லை, நோயும் நின்றபாடில்லை. அவன் நெடுநாள் வாழான் என்பதை அவன் தாய் அறிவாள். அதனை நம்மிடம் கண்ணீரின்றிக் கூறினாள். ஆனால் கால்கள் பின்னிக் கிடக்கவில்லை. அவற்றினிடையே பழஞ்சேலையைச் சுருட்டி வைத்திருந்தாள். கை திறந்திருந்தது, உள்ளங்கைப் புண் ஆறியிருந்தது. காலையும் மாலையும் அவள் அவன் கால்களை எத்துணை மெதுவாக நீட்டினாள் என்பதை நாம் பக்கத்தில் அமர்ந்து பார்த்தோம். விரைந்து இழுத்தால் எதிர்க்கும், மெல்ல இழுத்தால் இணங்கும் என்பதை அவள் எழுத்தறியாமலே அறிந்திருந்தாள். இரவில் அவன் உறங்குகின்றான் என்றாள். தெருவாரும் கதவைச் சாத்துவதில்லை. சிலர் வந்து சிறிது நேரம் அவனைப் பார்த்துக்கொள்கின்றனர்.

நண்பர்காள், நம்மில் வைத்தியராவார் சிலரே. தமிழ் பயிலும் நம்மைப் போன்றாரால் மருந்தளித்தல் ஆகாது. ஆயினும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கதவு சாத்திய வீடொன்று நம் தெருவில் உண்டோ என்று பார்த்தல் ஆகும். தடுப்பூசியைப் பற்றிய பொய்யை மெய்யால் மறுத்தல் ஆகும். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பிய தாயொருத்தியிடம், செய்வதற்கு உண்டு என்று கூறி, வேலூருக்குப் பஸ் ஏற்றி விடுதலும் ஆகும். மேரி வர்கீஸ் அம்மையாரை நாம் போற்றும் நெறி அதுவேயாம்.